முட்டு ஊசி

முத்துப்பேச்சி அன்று கண் ஆஸ்பத்திரிக்கு வந்தது தன் கண்ணைக் காட்டுவதற்காக இல்லை. அவளோடு உப்பளத்தில் வேலை செய்யும் செல்வக்கனிக்குப் புரை அறுவை. துணைக்கு வந்தவள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அறுவை முடிந்து வெளியே வந்த டாக்டர் ஜெசிந்தா கர்வாலோ அவளருகில் நின்று, "நல்லபடியா முடிஞ்சுது. சாயங்காலம் கூட்டிட்டுப் போகலாம்" என்றாள்.

முத்துப்பேச்சி எழுந்து கும்பிட்டாள். கை டாக்டரை நோக்கித்தான் குவிந்தது. முகம் மட்டும் கொஞ்சம் விலகி, சுவரில் தொங்கிய தீயணைப்பு உருளையைப் பார்த்தது.

"யாரைப் பாக்கீங்க?"

"ஒங்களத்தாம்மா."

"நேரா என் முகத்தைப் பாருங்க."

முத்துப்பேச்சி முகத்தைத் திருப்பினாள். அவள் கண்கள் டாக்டரின் கண்களைத் தேடி, கிடைக்காமல் அலைந்தன.

"என்ன தெரியுது?"

"சேல தெரியுது. காது தெரியுது. மூஞ்சி இருக்க எடத்துல மட்டும் கலங்கலா, தண்ணி பட்ட கண்ணாடி கணக்கா இருக்கு."

"எவ்வளவு நாளா?"

"அது கெடக்கும்மா ரெண்டு மூணு வருசமா. எங்க அளத்துல நெறைய பேருக்கு இப்படித்தான். வெயிலு. உப்பு மேல அடிச்சி மூஞ்சிக்கு நேரா திரும்பி வரும்லா. கண்ணு மங்கத்தான செய்யும்."

ஜெசிந்தாவும் இத்தனை காலம் அப்படித்தான் நினைத்திருந்தாள். உப்பளத்து வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும் என்பது தூத்துக்குடியில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஆனாலும் ஏதோ உறுத்தியது. அவளைப் பரிசோதனை அறைக்கு அழைத்துப்போய், தாடையைத் தாங்கியில் வைக்கச் சொல்லி விழித்திரையைப் படம் எடுத்தாள். திரையில் வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பார்வையின் நடுப்புள்ளியைச் சுற்றி, அம்பு எறியும் பலகையில் இருப்பது போல, வெளிறிய ஒரு வளையம். வெயில் இப்படி வட்டமாகத் தின்னாது.

"முட்டு ஊசி போட்டுக்கிட்டு இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"போடாம? அது இல்லன்னா அளத்துல யாரு வேலைக்குச் சேப்பா?"

*

இரண்டாயிரத்து நாற்பதுகளின் தொடக்கத்தில் அந்தக் கடற்கரைக்கு மலேரியா திரும்பி வந்தது. அடுத்தடுத்த மழைக்காலங்களில் ஊர் வாரக்கணக்கில் தண்ணீரில் நின்றது. பழைய மாத்திரைகளுக்கு மசியாத காய்ச்சல் தெருத்தெருவாகப் பரவியது. அப்போது வந்ததுதான் அந்த ஊசி. மிகப் பழைய மலேரியா மருந்து ஒன்றைக் கொஞ்சம் மாற்றி, உடம்பிலேயே மாதக்கணக்கில் தங்கும்படி செய்திருந்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறை போட்டால் போதும். எல்லோருக்கும் போட்டார்கள். காய்ச்சல் ஒழிந்தது.

காய்ச்சல் ஒழிந்த பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. உப்பளத்துப் பெண்கள் வலி மாத்திரை கேட்டு வருவது நின்றுபோயிருந்தது. காலமெல்லாம் உப்புநீரில் நின்று, குனிந்து வாரி, சட்டி சுமந்து உப்பு அம்பாரத்தில் ஏறி, நாற்பது வயதில் முட்டு தேய்ந்து நொண்டியவர்கள் நேராக நடந்தார்கள். அதைக் கவனித்துச் சொன்னவர் அருமைநாயகம், ஜெசிந்தாவோடு மருத்துவம் படித்தவர். வீக்கம் வரும்போது மூட்டுக் குருத்தெலும்பின் செல்கள் தம்மைத் தாமே அழித்துக்கொள்கின்றன. இந்த மருந்து அதைத் தடுக்கிறது என்று அவர் காட்டினார். மலேரியாவுக்கு வந்த மருந்து முட்டு ஊசி ஆயிற்று. ஒரு நிறுவனம் அதைத் தயாரித்தது, அருமைநாயகம் அதன் ஆய்வுக்கூடத்துக்குத் தலைவரானார்.

அளத்துக்காரர்களுக்கு ஊசி மிகவும் பிடித்துப்போயிற்று. கிழவிகளும் குமரிகளைப் போலச் சுமந்தார்கள். சிறிது காலத்தில் ஊசி போடாதவர்களை வேலைக்குச் சேர்ப்பதில்லை என்றானது. முட்டுதான் நன்றாக இருக்கிறதே என்று ஓய்வு வயதையும் தள்ளிப்போட்டார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை. வலி இல்லை என்பதே பெரிய வரமாக இருந்தது.

ஜெசிந்தாவுக்கும் அது வரம்தான். முப்பத்தைந்து வயதில் அவளுக்கு முடக்குவாதம் வந்தது. காலையில் எழுந்தால் விரல்களை மடக்க முடியாது. தேநீர்க் குவளையை இரண்டு கைகளாலும் ஏந்திக் குடித்தாள். கண் அறுவையை விட்டுவிட்டு, கண்ணாடிக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். முட்டு ஊசிதான் அவள் விரல்களை மீட்டுத் தந்தது. செல்வக்கனியின் கண்ணில் அன்று காலை சிறு கீறல் போட்டுப் புரையை உறிஞ்சி எடுத்த கை அந்த ஊசியால் பிழைத்த கை.

முத்துப்பேச்சியை அனுப்பிவிட்டு, தானே அந்தத் தாங்கியில் தாடையை வைத்தாள். படம் எடுக்கும் பெண்ணிடம், "என் கண்ணையும் எடும்மா" என்றாள்.

அவள் கண் சுத்தமாக இருந்தது. ஆறுதல்தான் முதலில் வந்தது. அப்புறம், ஏன் என்ற கேள்வி.

*

அடுத்த வாரங்களில் ஜெசிந்தா படக்கருவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு அளங்களுக்குப் போனாள். பெண்கள் வேலையை விட்டு வந்து, தலைத்துணியை அவிழ்த்துவிட்டு, வரிசையில் உட்கார்ந்தார்கள். பாதிப்பேருக்கு மேல் அந்த வளையம் இருந்தது. சிலருக்கு வளையம் உள்நோக்கி மூடிக்கொண்டிருந்தது. இரத்தத்தையும் எடுத்துச் சோதித்தபோது காரணம் விளங்கியது. படங்களோடு அருமைநாயகத்தைப் பார்க்கப் போனாள்.

அவர் ஒவ்வொரு படமாகப் பார்த்தார். தலை நரைத்துவிட்டது, பேச்சில் மட்டும் பழைய பொறுமை இருந்தது.

"பழைய மலேரியா மருந்துலயே இது தெரிஞ்ச விஷயம், ஜெசி. கண்ணுக்குள்ள இருக்கிற கறுப்பு நிறமி இந்த மருந்தைப் பிடிச்சு வச்சுக்கும். விடவே விடாது. அதனாலதான் அளவை அவ்வளவு குறைச்சு வச்சோம். அந்த அளவுல கண்ணு கெடக்கூடாதே."

"யாரை வச்சு அளவு பாத்தீங்க?"

"நகரத்துல. ஆரோக்கியமான ஆளுங்க."

"ஆபீஸ்ல உக்காந்து வேலை பாக்குறவங்க. பக்கத்துல தண்ணி பாட்டில் இருக்கும். மருந்து உள்ள போனா கிட்னி வழியா கொஞ்சம் கொஞ்சமா வெளிய போயிரும். என் கண்ணு தப்பிச்சது அதனாலதான். இவங்களுக்கு கிட்னி பாதிதான் வேலை செய்யுது, அருமை."

"ஏன்?"

"காலைல அளத்துக்குப் போறவங்க வீடு திரும்புற வரைக்கும் தண்ணி குடிக்கறதில்ல. குடிச்சா ஒதுங்கணும். அவ்வளவு பெரிய வெட்டவெளில ஒதுங்க ஒரு தட்டி மறைவு கிடையாது. அந்த வெயில்ல நாள் முழுக்க வறண்டு வறண்டு கிட்னி கெட்டுக் கிடக்கு. நாம வருஷா வருஷம் அதே அளவை ஏத்தியிருக்கோம். போன வருஷத்து ஊசி உள்ளேயே இருக்கும்போது."

அருமைநாயகம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நிறுத்திரலாம்னு சொல்ற."

"வேற என்ன செய்ய?"

"நிறுத்தினா உடனே ஒண்ணும் ஆகாது. ஒரு வருஷம் போகும். அப்புறம் முட்டு விடும். இத்தனை வருஷம் வலிக்கலைன்னு தூக்கின சுமைக்கெல்லாம் சேர்த்து விடும். போன கண்ணு திரும்பாது. மருந்தை நிறுத்தினாலும் இன்னும் கொஞ்சம் போகும். நீ நிறுத்தினா அவங்க ரெண்டையும் இழப்பாங்க. அதை யோசிச்சியா?"

"இன்னும் கெடாத கண்ணு இருக்கே. அதைக் காப்பாத்தலாமே."

"சரி. எழுது. அறிக்கைல நானும் கையெழுத்துப் போடுறேன்." பிறகு அவள் கையைப் பார்த்தார். "நீ என்ன பண்ணப்போற?"

"நானும் நிறுத்திருவேன்" என்றாள் ஜெசிந்தா. அப்போது அவள் அதை மனமாரத்தான் சொன்னாள்.

*

முத்துப்பேச்சியிடம் தானே போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அளத்துக்குப் பின்னால், உடைமரங்களுக்கு நடுவே இருந்த குடியிருப்பில் அவள் வீடு. புருஷன் செத்துப் பல காலம் ஆயிற்று. மகள் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டவள். முத்துப்பேச்சி வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கண்ணால் பார்க்காமல் விரல் நுனியால் செதிளைத் தேடித் தேடி உரசினாள்.

ஜெசிந்தா அறிக்கை எழுதப்போவது வரை எல்லாவற்றையும் விளங்கும்படி சொன்னாள். முத்துப்பேச்சி குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு கேட்டாள்.

"அப்ப கண்ணு அந்த ஊசிலதான் போச்சுதா?"

"ஆமா."

"வெயிலுன்னு நெனச்சிட்டு இருந்தேன்." ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். "எழுதிட்டீயளா?"

"இன்னும் இல்ல. நாளைக்கு அனுப்பணும்."

"எழுதாதீயம்மா."

"இன்னும் போட்டா மிச்சமும் போயிரும்."

"தெரியுது. நீங்க சொன்னது எல்லாம் தெரியுது. கண்ணு போனா கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போவ ஒரு ஆளு வேணும். முட்டு போனா தூக்கிட்டுப் போவ ஆளு வேணும். எனக்கு ரெண்டுக்கும் ஆளு இல்ல. கண்ணு இல்லாட்டாலும் தடவித் தடவி நான் பொழச்சிக்கிடுவேன். காலு இல்லன்னா என்ன செய்வேன், சொல்லுங்க."

"சின்னப் பிள்ளைங்களும் இப்ப அளத்துக்கு வருதுங்க. அதுங்களுக்கும் ஊசி போடுறாங்க. அதுங்க கண்ணும் போகணுமா?"

முத்துப்பேச்சி மீன் கழுவிய தண்ணீரை வாசலோரம் ஊற்றினாள். காக்கைகள் வந்து இறங்கின.

"அதுவுஞ் சரிதான்" என்றாள் கடைசியில். "அப்ப எழுதுங்க. எங்ககிட்ட வந்து கேக்காதீய."

*

அறிக்கை அரசாங்கத்துக்குப் போயிற்று. ஜெசிந்தா எதிர்பார்த்ததைவிட வேகமாக வேலை நடந்தது. ஊசியை யாரும் தடை செய்யவில்லை. ஒழுங்குபடுத்தினார்கள். போடுவதற்கு முன் சிறுநீரகச் சோதனை, கண் படம். ஆண்டு முழுவதற்குமான அளவை இரண்டாகப் பிரித்து ஆறு மாதத்துக்கு ஒன்று. விழித்திரையில் வளையம் தெரிந்தவர்களுக்கு எக்காலத்திலும் போடக் கூடாது. விதிகளை வரி வரியாக எழுதிக் கொடுத்தவள் ஜெசிந்தாதான். நல்ல விதிகள். அவற்றால் பலர் கண் தப்பியது. சென்னையிலும் கோவையிலும் பெரிய மருத்துவமனைகளில் ஊசிக்கென்றே தனி அறைகள் திறந்தார்கள். எந்தக் கட்டத்தில் நிறுத்தினால் கண்ணுக்கு ஆபத்தில்லை என்பதை இப்போது துல்லியமாகச் சொல்ல முடிந்தது. அந்தத் துல்லியம் முத்துப்பேச்சியின் கண்ணிலிருந்தும் அவளைப் போன்றவர்களின் கண்ணிலிருந்தும் வந்தது.

அளங்களில் யாரும் சோதனை செய்யவும் இல்லை, படம் எடுக்கவும் இல்லை. அந்தத் தொல்லைக்கு உப்பு வாரும் இயந்திரம் மேல் என்று பெரிய அளத்துக்காரர்கள் முடிவு செய்தார்கள். ஊசி நின்றது. பின்னாலேயே வேலையும் நின்றது.

ஜெசிந்தாவின் ஊசி நாளும் வந்தது. அவள் ஆஸ்பத்திரிக் குளிர்பெட்டியில் அவள் பெயர் ஒட்டிய மருந்துக் குப்பி இருந்தது. அன்று காலைதான் கண்ணில் புரையோடு பிறந்த ஒரு குழந்தைக்கு அறுவை செய்திருந்தாள். என் கை நின்றுபோவதால் முத்துப்பேச்சிக்கு என்ன கிடைக்கப்போகிறது என்று நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. நியாயமான கணக்காகத்தான் பட்டது. நர்ஸ் கற்பகத்தை அழைத்துக் கையை நீட்டினாள்.

அருமைநாயகம் பிறகொரு நாள் தொலைபேசியில் பேசினார். அவள் ஊசியைப் பற்றி அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

*

ஒன்றரை வருடம் கழித்து, செல்வக்கனி ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

"முத்துப்பேச்சி மைனி ஒங்கள ஒருக்கா வரச் சொன்னாவ. அவ்வோளால வர முடியல. கோவிச்சுக்கிடாதீய."

ஜெசிந்தா போனபோது முத்துப்பேச்சி வீட்டுக்குள் தரையில் இருந்தாள். நீட்டிய இரு கால்களிலும் முட்டு பனங்காய் போல வீங்கி இருந்தது. தரையில் விரித்த கோணிச்சாக்கின் மேல் உட்கார்ந்து, கைகளை ஊன்றி ஊன்றி, சாக்கோடு தன்னை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். உள்ளங்கை தோல் உரிந்து காய்ந்திருந்தது. அறையில் மூத்திர வாடை அடித்தது. அதை அவள் அறிந்திருந்தாள்; சேலைத் தலைப்பை இழுத்து மடியில் பரப்பிக்கொண்டாள்.

"யாரு, டாக்டரம்மாவா? செண்டு வாசன இல்லியே இன்னைக்கு."

"நான்தான்."

"இருங்க. பாய் இருக்கும் அங்ஙன."

ஜெசிந்தா அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து முட்டைத் தொட்டுப் பார்த்தாள். மடக்கியபோது உள்ளே எலும்போடு எலும்பு உரசுவது விரலில் தெரிந்தது. முத்துப்பேச்சி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ரொம்ப யோசிச்சுத்தான் கூப்பிட்டேன். எனக்கு ஊசி போட்டுவிடுங்க" என்றாள்.

"போட முடியாதும்மா. கண்ணு கெட்டவங்களுக்குப் போடக் கூடாதுன்னு விதி இருக்கு."

"கண்ணு கெடக் கூடாதுன்னுதான அந்த விதி. எனக்குக் கெட்டாச்சு. இனிம கெட என்ன இருக்கு?"

"ஓரத்துல கொஞ்சம் தெரியுதுல்ல. வெளிச்சம் தெரியுது, வாசல் தெரியுது. அதுவும் போயிரும். முழு இருட்டாயிரும்."

"அந்த வாசலப் பாத்து நான் என்ன செய்ய? அங்ஙன போவ முடியலயே." அவள் குரல் உயரவில்லை. "டாக்டரம்மா, செல்வக்கனி ரெண்டு நாளைக்கு ஒருக்கா வந்து என்னயத் தூக்கிட்டுப் போயி வெளிய வச்சிக் கழுவி விடுதா. அவளுக்கும் முட்டு விட்டாச்சு. என்னயத் தூக்கையில அவ மூச்சு வாங்குறது எனக்குக் கேக்கு. எழுந்து கக்கூசுக்குப் போவணும். அவ்வளவுதான் நான் கேக்குறது. அந்த விதிய எழுதுனவங்கட்ட சொல்லிப் பாருங்க."

முத்துப்பேச்சி கையை நீட்டித் துழாவி டாக்டரின் கையைப் பிடித்தாள். கெஞ்சுவதற்காகப் பிடித்த பிடி. பிடித்தபின், விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினாள். முட்டிகள் வீங்காத, கோணாத, சூடு இல்லாத விரல்கள்.

"நீங்களும் நிறுத்திட்டீயன்னு செல்வக்கனி சொன்னா" என்றாள் மெதுவாக.

"நிறுத்தல."

முத்துப்பேச்சி கையை உடனே விட்டுவிடவில்லை. கொஞ்ச நேரம் வைத்திருந்து, பிறகு அதை டாக்டரின் மடியிலேயே திருப்பி வைத்தாள்.

"நல்லதுதான். பிள்ளைகளுக்குக் கண்ணு ஆப்ரேசன் பண்ணுதீயல்லா."

*

மறுநாள் ஜெசிந்தா அருமைநாயகத்திடம் தொலைபேசியில் பேசினாள். விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும் என்றாள். ஏற்கெனவே பார்வை போனவர்கள் விளைவைத் தெரிந்து விரும்பிக் கேட்டால் போடலாம் என்று ஒரு வரி.

"முடியாது, ஜெசி. நான் ஏற்கெனவே கேட்டுப் பாத்துட்டேன். கண்ணு போனவங்களுக்கு அதே மருந்தை மறுபடி கொடுத்தா, முழுக் குருடாக்கினாங்கன்னு கேஸ் வரும். கொடுக்காம இருந்தா யாரும் கேக்க மாட்டாங்க. கம்பெனி வக்கீல் சொன்னது இது."

"அவ தரையில தவழ்ந்துட்டு இருக்கா."

"தெரியுது."

"உனக்குத் தெரியாது. நீ வந்து பாக்கல."

இணைப்பு அதோடு அறுந்தது.

அந்த மாத இறுதியில் ஜெசிந்தாவின் அடுத்த குப்பி வந்தது. கற்பகம் ஊசியை எடுத்து வைத்தபோது, "வீட்டுல போட்டுக்கறேன் சிஸ்டர்" என்று வாங்கிப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். குடியிருப்புக்குப் போய், முத்துப்பேச்சியின் தொடையில் போட்டாள். தான் செய்வது என்ன என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரு கண் டாக்டர், தெரிந்தே, ஒரு பெண்ணின் மிச்சப் பார்வையை எடுக்கிறாள். ஊசியை உருவி, பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தாள்.

"போதும்மா, ரத்தம் நின்னுருக்கும்" என்றாள் முத்துப்பேச்சி.

வீக்கம் வடிய நாளாயிற்று. முதலில் சுவரைப் பிடித்து நின்றாள். பிறகு செல்வக்கனியின் தோளைப் பிடித்து வாசல் வரை வந்தாள். போன குருத்தெலும்பு முளைக்கவில்லை. ஆனாலும் எரிச்சல் அடங்கியது, எஞ்சியிருந்தது தாங்கியது. அவள் நடந்த அதே மாதங்களில் அவளைச் சுற்றி ஓரத்து வெளிச்சமும் சுருங்கிக்கொண்டே வந்தது. அதைப் பற்றி அவள் ஒருமுறைகூடப் பேசவில்லை.

அடுத்த ஊசியும் அவளுக்கே போயிற்று. அதற்குள் ஜெசிந்தாவுக்குக் காலையில் விரல்கள் மடங்காமல் போகத் தொடங்கின. ஒருநாள் அறுவையின் நடுவில் கருவியைப் பிடித்திருந்த கை இறுகியது. வேறு யாரும் கவனிக்குமுன் கற்பகம் கவனித்தாள். ஜெசிந்தா இளைய டாக்டரை அழைத்து முடிக்கச் சொன்னாள். அன்றோடு அறுவையை விட்டாள். காரணம் கேட்டவர்களிடம், வயதாகிவிட்டது என்றாள்.

*

மூன்றாவது ஊசியை எடுத்துக்கொண்டு போன அன்று முத்துப்பேச்சி வீட்டில் இல்லை. கதவு சாத்தியிருந்தது. செல்வக்கனி எட்டிப் பார்த்து, "மைனி அளத்துக்குப் போயிருக்காவ" என்றாள்.

"எந்த அளத்துக்கு?"

"தெக்க, சிவனணைந்தான் அளம். ஒங்களுக்குத் தெரியாதா?"

அது இயந்திரம் வாங்க வசதியில்லாத சிறிய அளம். ஜெசிந்தா போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். வண்டியை விட்டு இறங்கியதுமே கண் கூசிக் கண்ணீர் வழிந்தது. பாத்திகள் வெள்ளைவெள்ளையாக எரிந்தன. கொட்டகை நிழலில் சில பெண்கள் முகத்தை மூடிப் படுத்திருந்தார்கள். அந்த வெளிச்சத்தின் நடுவே, தலையில் துணிகூட இல்லாமல், ஒருத்தி மட்டும் உப்பு வாரிக்கொண்டிருந்தாள். பாத்தியின் வரப்பு நெடுக முளையடித்து, இடுப்புயரத்தில் கயிறு கட்டியிருந்தது. உப்பு வாரும் பலகையை நீட்டி இழுத்து, கரையில் சேர்த்து, கயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு ஓரடி நகர்ந்து, மறுபடி இழுத்தாள். இழுப்பில் தடுமாற்றமே இல்லை.

அளத்துக்காரர் சிவனணைந்தான் குடையோடு ஓடிவந்தார். "வாங்க டாக்டர், வாங்க. நிழலுக்கு வாங்க."

"கண்ணு தெரியாதவங்களை ஏன் வேலைக்கு வச்சிருக்கீங்க?"

"நான் எங்க வச்சேன்? அவளே வந்து கேட்டா. மகளுக்குப் பணம் அனுப்பணுமாம். மொதல்ல நானும் யோசிச்சேன் பாத்துக்கோங்க." அவர் குரலில் ஒளிவு இல்லை, நல்ல செய்தி சொல்கிறவரின் உற்சாகம் இருந்தது. "கண்ணு தெரிஞ்சவளுவ முற்பகலோட கரையேறிருதாளுவ. கூச்சந் தாங்கல. என்ன கண்ணாடி கொடுத்தாலும் நிக்க மாட்டேங்காளுவ. இவளுக்கு அந்தத் தொந்தரவே இல்ல. விடியக்கால ஆரம்பிச்சா பொழுதடையுற வரைக்கும் வாருதா. முட்டும் நல்லாருக்கு."

ஜெசிந்தா வரப்பில் நின்றாள். கைப்பையில் பனிக்கட்டிப் பெட்டி கனத்தது.

சிவனணைந்தான் குரலைத் தாழ்த்தினார். "டாக்டர், ஒண்ணு கேக்கணும். முன்னால அளத்துல வேல பாத்து இது மாதிரி கண்ணு போனவளுவ குடியிருப்புல இன்னும் நெறைய கெடக்காளுவ. ஒங்க மூலமா அந்த ஊசி கெடைக்கும்னு சொல்லுதாவ. ஏற்பாடு பண்ணித் தந்தீயன்னா, எல்லாத்துக்கும் நான் வேல தாரேன்."

"அப்படி எதுவும் கிடையாது" என்றாள் ஜெசிந்தா.

"யோசிச்சுச் சொல்லுங்க. அதுகளுக்கும் ஒரு பொழப்பு வேணும்லா."

பேச்சுச் சத்தம் கேட்டு முத்துப்பேச்சி பலகையை நிறுத்தினாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு பலகையை வரப்பில் வைத்துவிட்டு, கயிற்றில் ஒற்றைக் கையை ஓடவிட்டபடி அவர்களை நோக்கி வந்தாள். வழுக்கும் வரப்பில் வெறுங்காலோடு, நிமிர்ந்து, எட்டு வைத்து நடந்தாள். கயிறு முடிந்த இடத்தில் நின்றாள். முகமெல்லாம் உப்பு பூத்திருந்தது.

"டாக்டரம்மா கொரலு கேட்டுச்சே. வந்துருக்காவளா?"

"இங்கதான் இருக்கேன்."

"கண்டுபிடிச்சிட்டீயளா. வைவீயன்னுதான் சொல்லல." சிரித்தாள். "என்ன செய்ய, சும்மா இருக்க முடியல. நடக்கேன்லா, பாத்தீயளா? நல்லா நடக்குதீயம்பா செல்வக்கனி. அவ என் மனசு நோவக் கூடாதுன்னு சொல்லுவா. நீங்க பாத்துச் சொல்லுங்க, நல்லா நடக்கேனா?"

ஜெசிந்தா வீங்கிய விரல்களால் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிவனணைந்தான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா நடக்குறீங்க" என்றாள்.